உயிர்ப்பொருளும் மேற்பரப்பும்: ஆய்வுகூட நுட்பமொன்றின் சமூக வரலாறு

1

விஞ்ஞான வரலாறு என்னும் பெயரில் நமக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது மேதைகளின் வரலாறாகும். தனியொருவர் கண்ட உண்மை, அதனை ஏற்க உலகம் தயங்கிய காலம், இறுதியிற் கிடைத்த நோபெல் பரிசு என்னும் ஒழுங்கில் அவ்வரலாறு கூறப்படுகின்றது. அம்மேதைகள் கையாண்ட கருவிகளும் மூலப்பொருள்களும், அவற்றை உற்பத்தி செய்த தொழிற்சாலைகளும், ஆய்வுகூடத்தில் அன்றாடம் செலவான உழைப்பும் அடிக்குறிப்பிலேனும் இடம்பெறுவது அரிது. ஜே. டி. பேர்னல் 1939ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தின் சமூகத் தொழிற்பாடு பற்றிய தமது நூலை வெளியிட்ட காலந்தொட்டு இந்நிலைக்கு எதிரான ஆய்வு மரபொன்று வளர்ந்து வந்துள்ளதெனினும், தமிழில் அம்மரபு இன்னும் வேரூன்றவில்லை என்றே கூறவேண்டும்.

இலக்கிய வரலாற்றைச் சமூக வரலாற்றின் ஒரு கூறாகக் காண முற்படும் நமக்கு இவ்வணுகுமுறை அந்நியமானதன்று. ஓலைச்சுவடியிலிருந்து அச்சுத்தாளுக்கு நூல்கள் பெயர்ந்தபோது மாறியது எழுத்தைத் தாங்கிய மேற்பரப்பு மட்டுமன்று. எவர் படிக்கலாம், எவர் விற்கலாம், எவர் உரிமை கோரலாம் என்பனவும் உடன் மாறின. அதே வினாவை ஆய்வுகூடத்தை நோக்கியும் எழுப்பலாம். உயிர்ப்பொருள்களை ஒரு மேற்பரப்பில் நிலைப்படுத்தி ஆராயும் நுட்பம் எவ்வாறு தோன்றியது, எவருடைய உழைப்பினால் வளர்ந்தது, பின்னர் எவருடைய உடைமையாயிற்று என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இந்நுட்பம் யாதெனத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குருதியிலோ கலச்சாற்றிலோ ஆயிரக்கணக்கான பொருள்கள் கலந்து மிதக்கின்றன. அவற்றுள் நாம் தேடும் ஒன்றை மட்டும் பிரித்தறிதல் கடினம். ஆயின், அப்பொருளையோ அதனைப் பற்றவல்ல பிறிதொரு பொருளையோ கண்ணாடி, பிளாஸ்ரிக், தாள் போன்ற திண்மப் பரப்பொன்றில் ஒட்டிநிற்கச் செய்துவிடின், வேண்டாதனவற்றைக் கழுவி நீக்கிவிடலாம். வேண்டியது பரப்பிலே எஞ்சும். பிரித்தெடுத்தல் என்னும் பெருஞ்சிக்கல் கழுவுதல் என்னும் எளிய செயலாகிவிடுகின்றது. நவீன மருத்துவ ஆய்வுகூடத்தின் பெரும்பகுதி இவ்வொரு தத்துவத்தின்மீதே இயங்குகின்றது எனின் அது மிகைப்படுத்தலாகாது. நோயாளி ஒருவர் தமக்கு உற்ற நோய் யாதென அறிவது, பல வேளைகளில், ஒரு பரப்பில் ஏதோவொன்று ஒட்டியதா இல்லையா என்பதைப் பொறுத்ததாகும். எனவே அப்பரப்பு எவருக்குச் சொந்தம் என்பது வெறும் தொழினுட்ப வினா அன்று.

2

இந்நுட்பத்தின் தொடக்கநிலையை 19ஆம் நூற்றாண்டின் நுணுக்குக்காட்டி ஆய்வுகளிற் காணலாம். றொபேட் கொக் 1877ஆம் ஆண்டில், பற்றீரியாக்களைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்தி, நிறமூட்டி, ஒளிப்படமெடுக்கும் முறையை விவரித்தார். நீரில் ஓயாது அசைந்துகொண்டிருந்த நுண்ணங்கி கண்ணாடியில் அசைவற்று நின்றபோதே அது ஒப்புநோக்கத்தக்க, பிறருக்குக் காட்டத்தக்க சான்றாயிற்று. 1882ஆம் ஆண்டில் அவர் காசநோய்க் கிருமியை இனங்காட்டியதற்குப் பின்னணியாக நின்றது இக்கைவினையே. அன்றைய ஜேர்மனியின் கண்ணாடித் தொழிலும் சாயத் தொழிலும் இன்றி இக்கைவினை சாத்தியமாகியிராது என்பதும் இவ்விடத்து நினைவிற் கொள்ளத்தக்கது.

கொக் நிலைப்படுத்தியது முழு உயிரியை. அதுவும் இறந்த உயிரியை. பரப்பில் ஒட்டிய பின்னரும் ஓர் உயிர்ப்பொருள் தன் தொழிலைச் செய்யுமா என்னும் வினாவுக்கு விடை 1916ஆம் ஆண்டிற் கிடைத்தது. வெல்லத்தைச் சிதைக்கும் இன்வேற்றேசு என்னும் நொதியத்தைக் கரித்தூளிற் புறத்துறிஞ்சச் செய்த நெல்சன், கிறிபின் என்னும் இரு அமெரிக்க இரசாயனவியலாளர், அந்நொதியம் கரியுடன் ஒட்டிய நிலையிலும் தொழிற்படுகின்றது எனக் காட்டினர். இக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரும் பயனின்றிக் கிடந்தது. 1969ஆம் ஆண்டில் ஜப்பானின் தனபே செய்யாக்கு மருந்துக் கம்பனியைச் சார்ந்த சிபாதா குழுவினர் நிலைப்படுத்திய நொதியத்தைக் கொண்டு அமினோவமில உற்பத்தியைத் தொழிற்சாலை அளவில் தொடங்கிய பின்னரே அது பொருளாதார முக்கியத்துவம் பெற்றது. ஒரு கண்டுபிடிப்பின் காலத்தைத் தீர்மானிப்பது கண்டுபிடித்தவரின் அறிவு மட்டுமன்று, அதனை வேண்டிநிற்கும் உற்பத்தித் தேவையுமாகும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

இவ்வரலாற்றில் நாம் தனித்து நோக்கவேண்டிய பொருளொன்றுண்டு. அது நைத்திரோசெலுலோசு. 1846ஆம் ஆண்டளவில் பாசல் நகரில் ஷொன்பைன் பருத்தியை நைத்திரிக்கமிலத்துடன் தாக்கமுறச் செய்து பெற்ற இப்பொருள் முதலில் வெடிமருந்தாகவே பெயர்பெற்றது; பின்னர் ஒளிப்படச் சுருளாகவும் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கூழ்மங்கள் பற்றிய ஆய்வுக்காக 1925ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசைப் பெற்ற சிக்மொண்டி, பாக்மன் என்பாருடன் இணைந்து, செலுலோசுச் சேர்வைகளிலிருந்து நுண்துளை வடிகட்டும் மென்றாளை உருவாக்கினார். கோற்றிங்கன் நகரில் அதன் வணிக உற்பத்தியும் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சினால் நீர்வழங்கல் சிதைந்த ஜேர்மன் நகரங்களில், குடிநீரிற் பற்றீரியா உண்டா என விரைந்தறிவதற்கு இம்மென்றாள் பயன்பட்டது. போர் முடிந்ததும் தோல்வியுற்ற நாட்டின் தொழினுட்ப அறிவைத் திரட்டச் சென்ற அமெரிக்கர் இவ்வறிவையும் கொண்டுசென்றனர். இராணுவத் தேவைகளுக்காக அது மேலும் வளர்க்கப்பட்டது. 1954ஆம் ஆண்டில் அங்கு தோன்றிய மில்லிப்போர் கம்பனி இம்மென்றாளை விற்பனைப் பண்டமாக்கிற்று. வெடிமருந்துத் தொழிலும் போரும் இன்றி உயிரிரசாயன ஆய்வுகூடத்திற்கு இப்பரப்பு இவ்வடிவிற் கிடைத்திராது என்பது முதலாளித்துவ விஞ்ஞான வளர்ச்சியின் முரண்பட்ட இயல்பை நன்கு உணர்த்துகின்றது. அழிவுக்கான உற்பத்தியின் துணைவிளைவாக நோயறியும் கருவி ஒன்று கிடைக்கின்றது.

3

போருக்குப் பிற்பட்ட மூன்று தசாப்தங்களே இந்நுட்பத்தின் ஆக்ககாலம் எனலாம். இக்காலப் பகுதியின் சாதனைகளை ஒருங்குவைத்து நோக்குமிடத்து இரண்டு பண்புகள் புலப்படுகின்றன. ஒன்று, பயன்பட்ட பொருள்களின் எளிமை. மற்றையது, அறிவு பரிமாறப்பட்ட முறையின் திறந்த தன்மை.

ஹங்கேரி நாட்டின் ஜூலா தகாட்சியை முதலிற் குறிப்பிடவேண்டும். 1950ஆம் ஆண்டை ஒட்டி இன்புளுவென்சா நோய் பரவியிருந்த அந்நாட்டில், சோதனைகளை விரைந்து செய்வதற்குப் போதிய ஆய்வுகூட உபகரணங்கள் இருக்கவில்லை. அப்பற்றாக்குறையை எதிர்கொண்ட தகாட்சி, பிளாஸ்ரிக் கட்டியொன்றில் வரிசை வரிசையாகச் சிறு குழிகளைக் குடைந்து, ஒவ்வொரு குழியையும் ஒரு சோதனைக் குழாயாகப் பயன்படுத்தினார். 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அரச சுகாதார ஆய்வு நிறுவனங்களில் ஜோன் செவர் இம்முறையைப் பரவலாக்கினார். அங்கேயே அது பெருந்தொகையாக வார்க்கப்படும் பண்டமாகவும் மாறியது. இன்று உலகின் எந்த ஆய்வுகூடத்திலும் காணப்படும், 8 வரிசைகளும் 12 நிரல்களுமாக 96 குழிகளைக் கொண்ட நுண்தட்டு இதன் வழித்தோன்றலே. அதனை வழங்க உலகம் பயன்படுத்திய ஆங்கிலப் பெயரோ அமெரிக்கக் கம்பனியொன்றின் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. பற்றாக்குறையில் வாடிய ஒரு நாட்டிற் பிறந்த கருவியின் பெயர், செல்வம் மிகுந்த நாட்டின் நிறுவனமொன்றின் சொத்தாயிற்று.

குழி கிடைத்தது, அதன் சுவரில் எதனை ஒட்டுவது என்பது அடுத்த வினா. நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில், முன்னாட் போர்வீரருக்கான அரச மருத்துவமனையொன்றிற் பணியாற்றிய றோசலின் யாலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவரும் 1959-1960ஆம் ஆண்டுகளில் குருதியிலுள்ள இன்சுலினின் மிகச் சிறிய அளவையும் அளக்கும் கதிர்த்தொழிற்பாட்டு நிர்ப்பீடனச் சோதனையை வெளியிட்டனர். உடல் தன்னுள் நுழையும் அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றுவதற்கெனப் படைக்கும் புரதமே பிறபொருளெதிரி. ஒரு குறித்த பொருளை மட்டும் தேடிப் பற்றும் அதன் ஆற்றலையே இவர்கள் அளவுகோலாக்கினர். இம்முறைக்கு அவர்கள் ஆக்கவுரிமை கோரவில்லை. பிற ஆய்வாளர் வந்து கற்றுச் செல்லவும் வழிசெய்தனர். 1972ஆம் ஆண்டிற் பேர்சன் மறைந்தார். 1977ஆம் ஆண்டில் யாலோ மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார்.

அம்முறையில் ஒரு தொல்லை இருந்தது. பிறபொருளெதிரி பற்றிய பகுதியையும் பற்றாத பகுதியையும் கரைசலில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கெவின் கற், ஜெப்ரி ட்ரெகியர் ஆகியோர் அதற்கு மிக எளிய தீர்வைக் கண்டனர். பிறபொருளெதிரிக் கரைசலைச் சாதாரண பிளாஸ்ரிக் குழாயில் வைத்திருந்தால், புரதம் தானாகவே குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரை வெறுக்கும் பிளாஸ்ரிக்கும், புரதத்தின் நீரை வெறுக்கும் பகுதிகளும் ஒன்றையொன்று நாடுவதே இதற்குக் காரணம். எஞ்சிய வெற்றிடங்களில் வேண்டாதவை ஒட்டாதிருக்க, தொடர்பற்ற பிறிதொரு புரதத்தால் அவ்விடங்களை நிரப்பிவிட்டாற் போதும். பிற்காலத்தில் இப்பணிக்கு ஆடை நீக்கிய பால்மாவே பல ஆய்வுகூடங்களிற் பயன்பட்டது. கடையில் வாங்கும் பால்மாவும் மலிவான பிளாஸ்ரிக் குழாயும் மூலக்கூற்று ஆய்வின் உற்பத்திச் சாதனங்களாயின.

அடுத்து, கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளின் இடத்தை நொதியம் பெற்றது. 1971ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வால், பீற்றர் பேர்ல்மன் ஆகியோரும், அவர்களினின்று வேறாக நெதர்லாந்தின் ஓர்கனொன் மருந்துக் கம்பனியில் வான் வீமன், ஷூர்ஸ் ஆகியோரும் நொதியத்தைக் குறியாகக் கொண்ட சோதனைகளை வெளியிட்டனர். பரப்பில் தேடிய பொருள் ஒட்டியிருப்பின் நொதியம் நிறத்தைத் தோற்றுவிக்கும்; இல்லையேல் நிறமில்லை. கதிரியக்கத்தின் ஆபத்தும் அதனை அளக்கும் விலையுயர்ந்த பொறியும் தேவையற்றனவாயின. எலைசா எனப் பெயர்பெற்ற இச்சோதனையை நுண்தட்டின் குழிகளுக்கு மாற்றிய முன்னோடிக் கட்டுரை 1974ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அலிஸ்ரர் வொல்லர் முதலியோர் எழுதிய அக்கட்டுரை எடுத்துக்கொண்ட நோய் மலேரியா. ஹங்கேரியிற் பிறந்த தட்டும் சுவீடனிற் பிறந்த சோதனையும் ஏழை நாடுகளின் நோயொன்றை முன்னிட்டு ஒன்றிணைந்தன என்பது சிந்திக்கத்தக்கது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை அனுபவித்த இலங்கையின் வாசகருக்கு, ஆயிரக்கணக்கானோரின் குருதியை மலிவாகவும் விரைவாகவும் சோதிப்பதன் பொருள் யாதென விளக்கவேண்டியதில்லை.

பரம்பரைப் பொருளைப் பொறுத்தவரையிலும் இத்தகைய வரலாறே நிகழ்ந்தது. போரின் வழிவந்த நைத்திரோசெலுலோசு மென்றாள் டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் என்பது 1960களில் அறியப்பட்டது. 1965ஆம் ஆண்டில் கிலெஸ்பி, ஸ்பீகல்மன் ஆகியோர் மென்றாளில் நிலைப்படுத்திய டி.என்.ஏ.யுடன் அதற்கு இணையான ஆர்.என்.ஏ. இழை சேர்வதை அளக்கும் முறையை வகுத்தனர். 1975ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொதுப்பணத்தில் இயங்கிய பிரிவொன்றிற் பணியாற்றிய எட்வின் சதர்ன் இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்தார். வெட்டப்பட்ட டி.என்.ஏ. துண்டுகள் ஜெல்லில் அளவுவாரியாகப் பிரிந்து நிற்கும். அந்த ஜெல்லின்மேல் நைத்திரோசெலுலோசு மென்றாளையும், அதன்மேல் உலர்ந்த தாள்களையும் அடுக்கி வைத்தார். தாள்கள் உப்புக் கரைசலை மேல்நோக்கி உறிஞ்ச, டி.என்.ஏ.யும் உடன் எழுந்து மென்றாளில், ஜெல்லில் இருந்த அதே ஒழுங்கிற் பதிந்தது. மையொற்றுத் தாள் மையை உறிஞ்சும் அதே தத்துவம். இக்கட்டுரை அச்சேறுமுன்னரே இம்முறை வாய்மொழியாகவும் கைவரைபடமாகவும் வேறு ஆய்வுகூடங்களை அடைந்திருந்தது. சதர்ன் இதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை.

அவருடைய பெயர் ஆங்கிலத்தில் தென்றிசையைக் குறிப்பதாகலின், 1977ஆம் ஆண்டில் ஆர்.என்.ஏ.க்கு ஏற்பட்ட இணையான முறையை ஆய்வாளர்கள் வேடிக்கையாக வடதிசையின் பெயரால் அழைத்தனர். 1979ஆம் ஆண்டில் ரோபின் முதலியோர் பாசலில் வெளியிட்ட புரதப் பதிவு முறையை ஒத்த முறையொன்றை அமெரிக்காவின் மேற்குக் கரையில் உருவாக்கிய பேர்னெற், 1981ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதற்கு மேற்றிசையின் பெயரைச் சூட்டினார். அவர் கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் அதன் ஒளிப்படப் பிரதிகள் கைக்குக் கை மாறி, வெளியீட்டுக்கு முன்பே முறை பரவிவிட்டது. இத்திசைப் பெயர்களில் உள்ள நகைச்சுவையை நாம் அற்பமாகக் கொள்ளலாகாது. ஒரு தொழிலைக் கூடிச் செய்வோரிடையே வழங்கும் பரிபாசையின் இயல்பு அது. தனியுடைமையாகாத அறிவு, நாட்டார் பாடலைப் போல, கைமாறுந்தோறும் திருந்தி, ஆசிரியர் பெயரை ஒரு விளையாட்டாக மட்டுமே சுமந்து சென்றது.

4

1980ஆம் ஆண்டை ஒரு திருப்புமுனையாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், மனிதரால் மாற்றியமைக்கப்பட்ட உயிரிக்கு ஆக்கவுரிமை வழங்கலாம் எனச் சக்கரவர்த்தி வழக்கிற் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிற் நிறைவேறிய பே-டோல் சட்டம், அரசின் பணத்தில் நிகழ்ந்த ஆய்வின் பேறுகளுக்குப் பல்கலைக்கழகங்களே ஆக்கவுரிமை பெற்று, அவற்றைத் தனியார் கம்பனிகளுக்கு வழங்க வழிவகுத்தது. இலாபவீத நெருக்கடிக்குட்பட்டிருந்த மூலதனம் புதிய களங்களைத் தேடிய காலம் அது. பொதுவில் வளர்ந்த அறிவுக்கு வேலியடைக்கும் செயல் சட்டத்தின் துணையுடன் தொடங்கியது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு விவசாயிகள் வெளியேற்றப்பட்டதை மூல முதற்சேர்வின் ஓர் இயலாக மார்க்ஸ் விவரித்தார். அச்செயல்முறை ஒருமுறை நடந்து முடிந்த சம்பவமன்று என்பதை நமது பொருள் காட்டுகின்றது.

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். முதலாவது, ஒரே தன்மையான பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறை. அதனை 1975ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் சேசர் மில்ஸ்ரைன், ஜோர்ஜ் கோலர் ஆகியோர் வெளியிட்டனர். மில்ஸ்ரைன் ஆர்ஜென்ரீனாவிற் பிறந்தவர். 1962ஆம் ஆண்டின் இராணுவச் சதியை அடுத்துச் சக ஆய்வாளர் பதவி நீக்கப்பட்டதை எதிர்த்துப் பதவி துறந்து வெளியேறியவர். அவர்தம் முறைக்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. ஆயின் 1978ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் தோன்றிய ஹைபிரிரெக் கம்பனி, அத்தகைய பிறபொருளெதிரிகள் இரண்டிற்கிடையே தேடும் பொருளைச் சிக்கவைக்கும் சோதனை முறைக்கு 1983ஆம் ஆண்டில் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. 1986ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதிப்படுத்திற்று. பொதுவில் விடப்பட்ட மூலத்தின்மேல் தனியுடைமையான மேற்கட்டு எழுந்தது.

இரண்டாவது, எயிட்ஸ் வைரசுக்கான குருதிச் சோதனை. வைரசின் புரதங்கள் பதிக்கப்பட்ட பிளாஸ்ரிக் பரப்பே இச்சோதனையின் கரு. 1985ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில், சோதனையின் ஆக்கவுரிமை பற்றிப் பாரிஸின் பாஸ்ரர் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி றீகனும் பிரெஞ்சுப் பிரதமர் சிறாக்கும் நேரிற் கூடி உடன்பாட்டை அறிவிக்க வேண்டியேற்பட்டது. பரப்பில் ஒட்டிய ஒரு புரதத்துக்காக இரு வல்லரசுகளின் தலைவர்கள் பேசவேண்டிவந்த நிலை, நோயறியும் சோதனை எத்துணைப் பெரிய பண்டமாகிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

மூன்றாவது உதாரணம் சதர்னே. 1975ஆம் ஆண்டில் தம் முறையைத் திறந்துவைத்த அவர், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தபோது, 1988ஆம் ஆண்டில், கண்ணாடிப் பரப்பிற் பல்வேறு டி.என்.ஏ. இழைகளை ஒழுங்காக நிலைப்படுத்தும் அணி முறைக்கு ஆக்கவுரிமை விண்ணப்பம் செய்தார். 1991ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் அபிமாக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஸ்ரீபன் போடர் முதலியோர், குறைகடத்தித் தொழிலின் ஒளிவரைவு முறையைக் கொண்டு சிறு பரப்பொன்றில் 1024 வேறுபட்ட பெப்ரைட்டுகளைத் தொகுத்த செய்தியை வெளியிட்டனர். அதன் வழிவந்த அபிமெற்றிக்ஸ் கம்பனிக்கும், 1995ஆம் ஆண்டிற் சதர்ன் நிறுவிய ஒக்ஸ்போட் ஜீன் ரெக்னோலொஜி கம்பனிக்கும் இடையே நீண்ட வழக்கு நடந்து 2001ஆம் ஆண்டில் இணக்கத்தில் முடிந்தது.

இதனைத் தனிமனிதரின் ஒழுக்க வீழ்ச்சியாகக் காண்பது தவறாகும். சதர்ன் தமது வருவாயின் பெரும்பகுதியை அறக்கட்டளைகளுக்கு அளித்தார். அவற்றுள் ஒன்று வறிய நாடுகளின் அவரையினப் பயிர் ஆய்வுகளுக்கு உதவி வருகின்றது. மாறியது மனிதரன்று, அவர் இயங்கிய உற்பத்தி உறவுகளே. 1975ஆம் ஆண்டில் வெளியிடுவது ஒரு விஞ்ஞானியின் இயல்பான செயல். 1988ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெறுவது இயல்பான செயல். முன்னர் உரிமையாகப் பகிரப்பட்டது பின்னர் கொடையாக வழங்கப்பட்டது. கொடை எத்துணைப் பெரிதாயினும், கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்னும் பிரிவை அது ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றது.

இவ்வேலிகளுக்கு எதிரான போக்கும் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பற்றிக் பிறவுண் குழுவினர், சாதாரண நுணுக்குக்காட்டி வழுக்கியின்மேல் பொறிக்கரத்தினால் டி.என்.ஏ. புள்ளிகளை இட்டு, அரபிடொப்சிசு தாவரத்தின் 45 பரம்பரையலகுகளை ஒருங்கே ஆராய்ந்தனர். அப்பொறியைப் பிறர் தாமே கட்டிக்கொள்வதற்கான விரிவான வழிகாட்டியையும் அக்குழுவினர் பின்னர் எவரும் பெறத்தக்கதாக வெளியிட்டனர். கொக்கின் கண்ணாடி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் கைவினைஞரின் கைக்கு வந்தது எனலாம்.

5

இவ்வரலாற்றின் விளைவை உலகம் கண்கூடாகக் கண்டது கோவிட் கொள்ளைநோய்க் காலத்திலாகும். அக்காலத்தில் வீடுதோறும் பயன்பட்ட சோதனைக் கீலத்தின் உள்ளே இருப்பது அதே நைத்திரோசெலுலோசு. 1988ஆம் ஆண்டில் யூனிலீவரின் கிளைக் கம்பனியொன்று வீட்டிற் செய்யும் கருப்பச் சோதனையாகச் சந்தைப்படுத்திய அமைப்பின் வழியிலேயே அது அமைந்துள்ளது. மென்றாளில் ஒரு கோடாகப் பதிக்கப்பட்ட பிறபொருளெதிரி, ஊர்ந்துவரும் திரவத்திலுள்ள வைரசுப் புரதத்தைப் பற்ற, கோடு நிறம்பெறுகின்றது.

2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி இந்தியாவும் தென்னாபிரிக்காவும், கொள்ளைநோயைத் தடுக்கவும் கண்டறியவும் குணப்படுத்தவும் தேவையானவற்றின் மீதான புலமைச்சொத்துக் கட்டுப்பாடுகளை இடைநிறுத்துமாறு உலக வர்த்தக நிறுவனத்திடம் கோரின. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பெறப்பட்ட முடிவு தடுப்பூசிகளை மட்டுமே உள்ளடக்கியது. சோதனைச் சாதனங்களையும் மருந்துகளையும் பற்றி ஆறு மாதங்களுள் முடிவெடுக்கப்படும் எனக் கூறப்பட்டது. அக்கெடு தள்ளிவைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டிலும் உடன்பாடு எட்டப்படாமலே அவ்விடயம் கைவிடப்பட்ட நிலையை அடைந்தது. நோயைக் குணப்படுத்தும் உரிமைக்கு முன்னதாக, நோயை அறியும் உரிமையே மறுக்கப்பட்டது என்பது நாம் அழுத்திக் கூறவேண்டியதாகும். அறியப்படாத நோய் புள்ளிவிவரத்தில் இடம்பெறாது. புள்ளிவிவரத்தில் இடம்பெறாத நோயாளிக்காக எந்த அரசும் பதில் கூறவேண்டியதில்லை.

இவ்விடத்து இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மூலதனம் இந்நுட்பத்துக்கு எதனையும் அளிக்கவில்லை என வாதிடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. தனபேயின் தொழிற்சாலையிலும் ஓர்கனொனின் ஆய்வுகூடத்திலும் உண்மையான கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. தகாட்சியின் குழித்தட்டைக் கோடிக்கணக்கில் வார்த்து உலகெங்கும் பரப்பியது தொழிற்சாலை உற்பத்தியே. முதலாளித்துவம் உற்பத்திச் சக்திகளை வளர்க்கின்றது. அதே வேளை அவற்றின் பயனைக் கட்டுப்படுத்துகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காணாத ஆய்வு, பிரசாரமாகவோ துதிபாடலாகவோ முடியும்.

இரண்டாவது, ஆக்கவுரிமையை நீக்கிவிட்டால் யாவும் கைகூடிவிடும் என எண்ணுதலும் பிழையாகும். துளையளவு சீரான மென்றாளை வார்க்கும் திறன், தரமான பிறபொருளெதிரியை உற்பத்தி செய்யும் வசதி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து உறுதிப்படுத்தும் ஒழுங்கு ஆகியன பத்திரத்தில் எழுதப்படாத அறிவாகும். அது செய்து கற்கும் அறிவு. சோதனைத் தொகுதிகளை முழுமையாக இறக்குமதி செய்யும் நாடு, விலையை மட்டுமன்றி, அவ்வறிவைத் தன் தொழினுட்பவியலாளரிடம் வளர்க்கும் வாய்ப்பையும் இழக்கின்றது. பெட்டியைத் திறந்து, குறித்த துளிகளை இட்டு, நிறம் பார்த்து எழுதும் பணியாக ஆய்வுகூடத் தொழில் சுருங்கும்போது, தொழிலாளி தன் உழைப்பின் உட்பொருளிலிருந்து அந்நியப்படுகின்றார். நெசவுப் பொறியின் முன் கைநெசவாளருக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, உயிர்ப்பொருளை மேற்பரப்பில் நிலைப்படுத்தும் நுட்பம் கரித்தூள், கண்ணாடி, பிளாஸ்ரிக், மையொற்றுத் தாள், பால்மா ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு, பல நாடுகளின் பொதுப்பணத்திலும் பெயர் பதியாத பலரின் உழைப்பிலும் உருவாயிற்று என்பது தெளிவாகின்றது. அதன்மேல் தனியுடைமை படிந்தது பிற்பட்ட, காலம் குறிப்பிடத்தக்க ஒரு வரலாற்று நிகழ்வாகும்; அது விஞ்ஞானத்தின் இயற்கைவிதியன்று. வரலாற்றில் தோன்றியது வரலாற்றினாலே மாற்றப்படவும் கூடும். அம்மாற்றத்துக்கு வேண்டியன, ஒன்று, நோயறியும் சாதனங்களைப் பொதுச் சுகாதாரத்தின் உரிமையாகக் கோரும் அரசியல். மற்றொன்று, அச்சாதனங்களைத் தம் கையாற் செய்து பழகும் ஆய்வுகூடக் கல்வி. இவற்றுள் முன்னையது மக்கள் இயக்கங்களின் பணி. பின்னையது பல்கலைக்கழகங்கள் இன்றே மேற்கொள்ளத்தக்கது. அதற்கு வேண்டிய முதற்பொருள்கள் மலிவானவை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.